ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியின் வரலாறு

வீதியோரம் கைவிடப்பட்ட பொருட்களைக் கொண்டு வீடு அமைத்தவர்கள் நாம். கட்டில், மேசை, அலுமாரி, தொலைக்காட்சிப் பெட்டி என்று இந்நாட்டவர் வேண்டாமென வெளியே வைத்தவை எமது அறைகளுக்குள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஸ்பீக்கர் பெட்டிகளும் இருந்தன. கனமான மரப்பெட்டி, கிழிந்த துணி, உள்ளே உதிர்ந்துபோன ஒரு கூம்பு. பலர் அதைப் பூச்சட்டி வைக்கும் முக்காலியாகப் பயன்படுத்தியதையும் கண்டிருக்கிறோம். ஆனால் வீசப்பட்ட பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் திருத்த முற்படும்போதுதான் அந்த வரலாறு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது.

இதை எழுதும் நாம் பொறியியலாளர் அல்லர். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கத் தொடங்கி, முடிக்கக் கிடைக்காமல் வெளியேறி, இன்று உணவகச் சமையலறைகளில் நிற்பவர்கள். ஓய்வு நாட்களில் பழைய ஸ்பீக்கர்களைத் திறந்து பார்ப்பது எமது பழக்கம். அப்படித் திறந்தவற்றுள் எம்மை அதிகம் யோசிக்க வைத்தது, அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் தொடங்கிய அக்கூஸ்ரிக் றிசேர்ச் என்னும் நிறுவனத்தின் பெட்டி. சுருக்கமாக ஏஆர் என்பார்கள்.

இந்தப் பெட்டி ஏன் முக்கியமானது என்று விளங்க, அதற்கு முந்திய நிலையைச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் கலந்தால், தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே பின்பக்கத்தை அடைக்க வேண்டும். ஆனால் சிறிய பெட்டியில் அடைத்தால் உள்ளேயுள்ள காற்று விறைத்துக் கூம்பை அசையவிடாது. எனவே 1950களின் தொடக்கம் வரை, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் போன்ற ஆழ்ந்த ஒலி வேண்டுமென்றால் அலுமாரியளவு பெட்டி வேண்டும். அல்லது அறையின் மூலையை நிரப்பும் பெரும் புனல் வேண்டும். எமது ஊர்க் கோயில் மரத்தில் கட்டிய புனல்வாய் லவுட்ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். குறைந்த மின்வலுவில் அயற்கிராமம் வரை கேட்கும், ஆனால் ஆழ்ந்த சுரம் ஒன்றும் அதில் வராது. புனலில் அந்தச் சுரமும் வரவேண்டுமென்றால் புனல் வீடளவு பெருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் எட்கர் வில்ச்சர். 1917இல் நியூயோர்க்கில் பிறந்தவர். கலை வரலாறு படித்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் சேர்க்கப்பட்டு, அங்குதான் மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கப் பழகினார். போர் முடிந்து திரும்பியதும் நியூயோர்க்கின் கிறீனிச் வில்லேஜ் பகுதியில் றேடியோ திருத்தும் கடை வைத்தார். ஆக, ஸ்பீக்கர் வரலாற்றைத் திருப்பிய மனிதர் ஒரு பழுது பார்ப்பவராகவே தொடங்கினார் என்பதை இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

அவருடைய யோசனை எளியது. எல்லோரும் பெட்டிக்குள் அடைபட்ட காற்றை எதிரியாகக் கருதினார்கள். அவரோ அந்தக் காற்றையே கூம்பைத் தாங்கும் விற்சுருளாக வேலை செய்ய விட்டார். துணியாலும் கடதாசியாலும் செய்த விறைப்பான தாங்கி, கூம்பு அதிக தூரம் அசையும்போது ஒழுங்காக நடந்துகொள்வதில்லை, ஒலி கரகரக்கும். காற்று அப்படியல்ல. அழுத்தினால் ஒரே சீராகத் திருப்பித் தள்ளும். ஆகவே கூம்பின் விளிம்பைத் தளர்வாக்கி, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, மீளத் தள்ளும் வேலையைக் காற்றிடம் ஒப்படைத்தார். முதல் முயற்சிக்கு, இருந்த ஒரு ஸ்பீக்கரின் விளிம்பை வெட்டியெடுத்துவிட்டு மெத்தை உறைத் துணியால் புதிய விளிம்பு போட்டார். அந்தத் துணியின் வடிவை வரைந்து கொடுத்தவர் அவரது மனைவி றோஸ்மேரி. கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் இப்படிப்பட்ட பெண்களின் பெயர் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை.

பெரிய நிறுவனங்களிடம் யோசனையைக் கொண்டுபோனார். எவரும் ஏற்கவில்லை. நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு பற்றி அவர் நடத்திய வகுப்பில் ஹென்றி க்ளொஸ் என்ற இளைஞர் மாணவராக இருந்தார். க்ளொஸ் அப்போதே கேம்பிறிட்ஜில் ஸ்பீக்கர் பெட்டிகள் செய்துகொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்து 1954இல் நிறுவனத்தைத் தொடங்கினர். அவ்வாண்டே ஏஆர்-1 வெளிவந்தது. 25 அங்குல உயரப் பெட்டி, புத்தகத் தட்டில் வைக்கலாம். ஆனால் அலுமாரியளவு பெட்டிகள் தராத ஆழம் அதிலிருந்து வந்தது. இதற்கு விலையும் உண்டு: சத்தம் எழுப்ப அதிக மின்வலு வேண்டும். புனல் சிக்கனக்காரன், மூடிய பெட்டி செலவாளி.

1957இல் க்ளொஸ் பிரிந்துபோய் வேறு இருவருடன் கேஎல்எச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1958இல் ஏஆர்-3 வந்தது. இதில் நடுச் சுரங்களுக்கும் உச்சச் சுரங்களுக்கும் கூம்புக்குப் பதிலாகச் சிறு குவிமாடங்கள் வைக்கப்பட்டன. இன்று உலகெங்கும் ஸ்பீக்கர்களில் காணும் குவிமாட ருவீற்றருக்கு மூத்த வடிவம் அதுவே. அதே 1958இல்தான் ஸ்ரீரியோ இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் என்றிருந்தது இரண்டாக மாறியது. இரண்டு அலுமாரிகளை எந்த வீட்டில் வைப்பது? சிறிய பெட்டியின் வெற்றிக்கு இதுவும் ஒரு காரணம்.

ஏஆர் தனது பெட்டியை விற்ற விதமும் கவனிக்கத்தக்கது. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெற் என்ற நால்வர் இசைக்குழுவை மேடையில் இருத்தி வாசிக்க வைத்தார்கள். நடுவே அவர்கள் வில்லை அசைப்பதுபோல் பாவனை செய்ய, ஒலிப்பதிவு ஏஆர்-3 வழியே ஒலிக்கும். எங்கே மாறியது என்று சபையோர் கண்டுபிடிக்கத் திணறினர். நியூயோர்க் கிறான்ட் சென்ரல் இரயில் நிலையத்தில் ஓர் இசை அறை வைத்தார்கள். அங்கே யாரும் வந்து கேட்கலாம், விற்பனை கிடையாது.

இனி, எமக்கு முக்கியமான பகுதி. மூடிய பெட்டி முறைக்கு வில்ச்சர் 1956இல் காப்புரிமை பெற்றிருந்தார். போட்டி நிறுவனமான இலக்ட்ரோ-வொய்ஸ் அதை எதிர்த்து வழக்காடியது. ஹரி ஒல்சன் என்ற பொறியியலாளர் 1949இல் பெற்றிருந்த காப்புரிமையில் இதன் சாயல் ஏற்கெனவே உண்டு என்பது வாதம். வில்ச்சர் தோற்றார், மேன்முறையீடு செய்யவில்லை. அதன் பின் எவரும் அனுமதி கேளாமல் மூடிய பெட்டி செய்யலாம் என்றாயிற்று, செய்தார்கள். ஆனாலும் ஏஆர் அழியவில்லை. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்க ஸ்பீக்கர் விற்பனையில் ஏறத்தாழ மூன்றிலொன்று அதனுடையதாக இருந்தது. 1967இல், ஏஆர்-3ஏ வெளிவந்த அதே ஆண்டில், நிறுவனத்தை ரெலிடைன் என்ற பெருநிறுவனத்துக்கு விற்றுவிட்டு, வில்ச்சர் காது கேளாதோருக்கான கருவிகளின் ஆய்வில் இறங்கினார். தாழ்ந்த சுரங்களையும் உயர்ந்த சுரங்களையும் பிரித்து, வெவ்வேறு அளவில் ஒடுக்கிப் பெருக்கும் முறையை 1973இல் ஆய்விதழில் வெளியிட்டார். இம்முறை அவர் காப்புரிமையே கோரவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். 2011இல், 94ஆவது வயதில் காலமானார்.

இப்போது பெட்டியைத் திறப்போம். ஏஆர்-3ஏயின் உள்ளே மூன்று ஒலிப்பான்கள்: 12 அங்குல வூஃபர், ஒன்றரை அங்குல நடுக் குவிமாடம், முக்கால் அங்குல ருவீற்றர். இவற்றுக்கிடையே ஒலியைப் பங்கிடுவது குறொசோவர் எனும் சிறு சுற்று. கம்பிச்சுருள் தாழ்ந்த சுரங்களை விட்டு உயர்ந்தவற்றைத் தடுக்கும். கொள்ளளவி, அதாவது கடைகளில் கண்டென்சர் என்பது, உயர்ந்தவற்றை விட்டுத் தாழ்ந்தவற்றைத் தடுக்கும். இப்பெட்டியில் பிரிவு 575 ஹேர்ட்ஸிலும் 5000 ஹேர்ட்ஸிலும் நிகழ்கிறது. கொள்ளளவிகள் மூன்று: வூஃபருக்கு 150, நடுவுக்கு 50, ருவீற்றருக்கு 6 மைக்குறோஃபரட்.

காலம் எவற்றைத் தாக்குகிறது? பெட்டியின் மரம் நிற்கிறது. காந்தம் நிற்கிறது. செப்புக் கம்பிச்சுருள் கெடுவது அரிது. கெடுபவை மெல்லிய பொருட்களே. 1970 அளவிலிருந்து வூஃபரின் துணி விளிம்புக்குப் பதிலாக நுரை விளிம்பு வந்தது. பொலியூரிதேன் நுரை, காற்றும் ஈரமும் பட்டு, பத்து இருபது ஆண்டுகளில் கரித்தூள்போல் உதிரும். அதைச் சுரண்டித் துடைத்து, சரியான அளவு நுரை வளையத்தை ஒட்டி, உள்ளேயுள்ள சுருள் எங்கும் உரசாதபடி கூம்பை நடுவில் நிறுத்த வேண்டும். பழைய துணி விளிம்பு கிழியாது. ஆனால் அதன்மேல் பூசிய பசை காய்ந்து காற்றுக் கசியும். கூம்பை மெதுவாக உள்ளே அழுத்திவிடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பி வந்தால் காற்று அடைபட்டிருக்கிறது. உடனே துள்ளி வந்தால் எங்கோ கசிகிறது. காற்றே விற்சுருள் என்பதால், கசியும் பெட்டி வில் உடைந்த பெட்டிதான்.

பின்பக்கம் இரண்டு சிறு திருகிகள் உண்டு, நடு ஒலியையும் உச்ச ஒலியையும் கூட்டிக் குறைக்க. இவற்றின் உள்ளே உலோகம் பச்சை பிடித்து மின்தொடுப்பு அற்றுப்போகும். ருவீற்றர் செத்துவிட்டது என்று வீசப்பட்ட எத்தனையோ பெட்டிகளில் செத்தது இந்தத் திருகிதான். கழற்றி, நன்றாகத் துடைத்துப் பூட்டினாலே குரல் திரும்பிவிடும். கொள்ளளவியின் கதை வேறு. ஆண்டுகள் போகப்போக அதன் அளவு மாறும், உட்தடை ஏறும். மீற்றரில் அளவு சரியாகத் தெரிந்தாலும் உட்தடை ஏறியிருந்தால் உச்ச சுரம் மங்கும். மாற்றும்போது முனைவற்ற வகையே போட வேண்டும்.

இங்குதான் பழுது பார்ப்பவரிடையே பெரிய விவாதம். மிக விலையுயர்ந்த புதிய கொள்ளளவிகளைப் போட்டு, உட்கம்பிகளையும் ருவீற்றரையும் மாற்றி, "முன்னிலும் நன்றாகிவிட்டது" என்பவர்கள் உண்டு. புதிய ஃபிலிம் வகையின் உட்தடை மிகக் குறைவு. பழையதன் சிறு தடையையும் கணக்கில் எடுத்தே வடிவமைத்திருந்தால், அதை நீக்கியதும் உச்ச சுரம் தூக்கிக் கேட்கும். முதல் கேட்பில் அது தெளிவு போலத் தோன்றும். சிறு தடை ஒன்றைத் தொடரில் சேர்த்தால் பழைய சமநிலைக்கு அருகே கொண்டுவரலாம். எமது தொழிலிலிருந்து உதாரணம் சொன்னால், இந்நாட்டவர் நாக்குக்கென்று கறிக்குள் கிறீம் ஊற்றுகிறோம். ருசியாகவே இருக்கும், தட்டும் காலியாகும். ஆனால் அதை அம்மா வைத்த கறி என்று பட்டியலில் எழுதக்கூடாது.

எமது மூத்தவர்கள் திருத்தத் தெரிந்தவர்கள். 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல், பற்றறி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டார்கள். செத்த றேடியோவின் கண்டென்சரைக் கழற்றி உயிருள்ளதில் போட்டார்கள். அங்கே திருத்தம் என்பது எப்படியாவது பேச வைப்பது. அது சரியே. இன்றைக்குச் செய்தி கேட்க வேண்டும் என்பதே அங்கு தேவை. ஆனால் புனரமைப்பு என்பது வேறு வேலை. அங்கு கேள்வி "பேசுகிறதா" என்பதல்ல, "யாருடைய குரலில் பேசுகிறது" என்பது.

இந்த வேறுபாடு ஸ்பீக்கரோடு முடிவதில்லை. ஊரை விட்டு வந்தவர்கள் ஊரைப் பற்றிப் பேசும்போதும் இதே இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. உதிர்ந்த இடத்தில் பளபளக்கும் புதியதை ஒட்டி, பழசு இப்படித்தான் இருந்தது என்று சொல்கிறோம். ஊரின் சாதியும் வறுமையும் கழன்று விழ, திருவிழாவும் மாம்பழமும் மட்டும் தூக்கிக் கேட்கின்றன. அது கேட்க இனிமையானது, ஆனால் சமநிலை குலைந்தது. மாற்றவே கூடாது என்பதல்ல எமது வாதம். நுரை உதிர்ந்தால் மாற்றத்தான் வேண்டும். முதலில் அளந்து பார், உயிருள்ளதைத் தொடாதே, செத்ததை அதன் அளவிலேயே மாற்று, எதை மாற்றினாய் என்று எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடு. நல்ல பழுது பார்ப்பவர் இந்த நான்கையும் செய்கிறார். அடுத்து திறப்பவருக்கு எது பழசு, எது எமது கை என்று தெரியும். வரலாறு எழுதுபவரிடமும் இதைவிட அதிகம் கேட்கத் தேவையில்லை.

ஏஆர் பெயர் பிற்காலத்தில் கைமாறிக் கைமாறிப் போயிற்று. முதலில் செய்தவர்களில் க்ளொஸ் 2002இல் மறைந்தார், வில்ச்சரும் இல்லை. ஆனாலும் 1960களின் பெட்டிகள் இன்றும் ஒலிக்கின்றன. காரணம், ஒருவரையொருவர் அறியாத பழுது பார்ப்பவர்கள் பல நாடுகளிலிருந்து தாம் அளந்த அளவுகளையும் கண்ட வழிகளையும் காசு வாங்காமல் பகிர்ந்துகொண்டது. வழக்கில் தோற்ற ஒரு யோசனை இப்படித்தான் எல்லோருடையதுமாகி நிலைத்தது. அடுத்த முறை வீதியோரத்தில் கனமான மரப்பெட்டி ஒன்றைக் கண்டால், பூச்சட்டியை அதன்மேல் வைக்குமுன் பின்பக்கத் திருகியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.