47 புள்ளி முன்னிலை



போன வாரம் பரணை ஒழித்தபோது பழைய நீள நோட்டு ஒன்று கிடைத்தது. 1976ல் நான் எழுதி வைத்தது. அப்போது எனக்கு வயது 24. புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளிப் படிப்பு பிரெஞ்சில் என்பதால், மாலை வேளைகளில் அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் பிரெஞ்சுப் பத்திரிகைகள் படிப்பது வழக்கம். நம் ஊருக்கு வந்து சேரும்போது அவை சில வாரம் பழசாகியிருக்கும். எனக்கு அதில் குறையில்லை. நான் தேடிப் போனது கார்ப் பந்தயச் செய்திகளை மட்டும்தான்.

இத்தனைக்கும் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்றுவரை சைக்கிள்தான். ஆனாலும் அந்த வருடம் ஃபார்முலா ஒன் பந்தயங்களின் புள்ளிகளைப் பேரேடு போலக் கோடு போட்டு எழுதி வந்திருக்கிறேன். தேதி, ஊர், லாடா, ஹன்ட், வித்தியாசம் என்று ஐந்து கலம். அந்தக் கடைசிக் கலத்தைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

அந்தக் காலத்தில் ஒரு பந்தயத்தில் முதல் ஆறு பேருக்குத்தான் புள்ளி. முறையே 9, 6, 4, 3, 2, 1. வருடத்துக்கு 16 பந்தயம். முடிவில் அதிகப் புள்ளி வைத்திருப்பவர் உலக சாம்பியன்.

நிக்கி லாடா ஆஸ்திரியாக்காரர். வியன்னாவில் பெரிய தொழிலதிபர் குடும்பம். பேரன் பந்தயக் கார் ஓட்டுவது தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. லாடா வங்கியில் கடன் வாங்கித்தான் இந்தத் தொழிலில் இறங்கினார். 1974ல் ஃபெராரியில் சேர்ந்து, 1975ல் சாம்பியன் ஆனார். எதையும் கணக்குப் போட்டுச் செய்கிற ஆள். எழுத்தனாகிய எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஜேம்ஸ் ஹன்ட் நேர் எதிர். இங்கிலாந்துக்காரர், மெக்லாரன் அணி, ஆட்டமும் பாட்டமுமான வாழ்க்கை. இருவரும் இளம் வயதிலிருந்தே நண்பர்கள்.

1976 தொடங்கியதும் லாடா பிரேசிலில் முதல், தென்னாப்பிரிக்காவில் முதல், அமெரிக்காவின் லாங் பீச்சில் இரண்டாவது. பிறகு வீட்டில் டிராக்டர் கவிழ்ந்து விலா எலும்பு முறிந்தது. அந்த வலியோடு ஸ்பெயினில் ஓட்டி, ஹன்டுக்கு அடுத்து வந்தார். பந்தயம் முடிந்து அளந்து பார்த்தார்கள். ஹன்டின் கார் அகலத்தில் விதியை விட 1.8 சென்டிமீட்டர் கூடுதல்! தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். முதலிடம் லாடாவுக்கு. அடுத்து பெல்ஜியம், மொனாக்கோ இரண்டிலும் லாடா முதல். ஸ்வீடனில் மூன்றாவது.

ஜூன் 13ஆம் தேதிக்கு எதிரே என் நோட்டில் இப்படி இருக்கிறது: லாடா 55, ஹன்ட் 8, வித்தியாசம் 47. ஹன்டை விடுங்கள், அன்று இரண்டாம் இடத்தில் இருந்த ஜோடி ஷெக்டரிடமே 23 புள்ளிதான். ஏழு பந்தயம் முடிந்து, இன்னும் ஒன்பது பாக்கி. பக்கத்து ஓரத்தில் 'முடிந்தது' என்று நானே எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

அடுத்தது பிரான்ஸ். லாடாவின் இன்ஜின் போய்விட்டது, ஹன்டுக்கு முதலிடம். அந்தப் பந்தயம் முடிந்த கையோடு ஸ்பெயின் மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது. 1.8 சென்டிமீட்டருக்குத் தகுதி நீக்கம் அதிகபட்சம், அபராதம் போதும் என்று ஹன்டின் 9 புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லாடாவிடமிருந்து 3 கழிந்தது. 47ஆக இருந்த வித்தியாசம் 26 ஆயிற்று. பாதிக் குறைவு காகிதத்தில் நடந்தது. கோப்பு எந்த மேசையில் எப்போது நகரும் என்பது ஓட்டுபவன் கையில் இல்லை. இதை அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜூலையில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானம். முதல் வளைவிலேயே கார்கள் மோதிப் பந்தயம் நிறுத்தப்பட்டது. ஹன்டின் காரும் அடிபட்டது. அவர் மறுபடி கலந்துகொள்ள முடியாது என்றதும் கூட்டம் கூச்சல் போட்டது. வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே காரைச் சரிசெய்துவிட்டார்கள். மறு ஓட்டத்தில் ஹன்ட் முதல், லாடா இரண்டாவது. ஃபெராரி புகார் கொடுத்தது. அந்தக் கோப்பும் மேலே போயிற்று. அப்போதைக்கு லாடா 58, ஹன்ட் 35.

பிறகு ஆகஸ்ட் 1. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்.

இது மலைக்காட்டுக்குள் வளைந்து போகும் பாதை. ஒரு சுற்றே 22.8 கிலோமீட்டர். எங்காவது விபத்து நடந்தால் வண்டி போய்ச் சேரவே நேரமாகும். மழை வேறு. இங்கே ஓட்ட வேண்டாம் என்று ஓட்டுநர்கள் கூட்டத்தில் சொன்னவர் லாடாதான். முந்தைய வருடம் இதே பாதையை ஏழு நிமிடத்துக்குள் சுற்றிக் காட்டியவரும் அவர்தான், ஆக அது பயந்தவன் பேச்சில்லை. பெரும்பான்மை ஒப்பவில்லை. பந்தயம் நடந்தது.

இரண்டாவது சுற்றில் லாடாவின் கார் தடம் மாறி மண்மேட்டில் மோதி, தீப்பிடித்தபடி சாலைக்குத் திரும்பி வந்தது. பின்னால் வந்த கார் ஒன்று அதில் மோதியது. ஹெல்மெட் கழன்றுவிட்டது. மெர்ஸாரியோ, லுங்கர், எட்வர்ட்ஸ், எர்ட்ல் ஆகிய நான்கு ஓட்டுநர்கள் தங்கள் கார்களை விட்டுவிட்டு நெருப்புக்குள் கை விட்டு அவரை இழுத்தார்கள். இருக்கை வாரை அவிழ்த்தவர் ஆர்த்துரோ மெர்ஸாரியோ. 1973 வரை ஃபெராரியில் ஓட்டியவர். அடுத்த வருடம் அவர் அங்கே இல்லை, லாடா வந்து சேர்ந்தார். அந்த மனிதர்தான் லாடாவுக்கு உயிர் கொடுத்தார்.

முகமும் தலையும் வெந்துபோயின. அதை விட மோசம், உள்ளே போன நச்சுப்புகை. நுரையீரல் பாதிக்கப்பட்டு, மருத்துவமனையில் பாதிரியார் வந்து கடைசிச் சடங்கே செய்துவிட்டார். மறுபடி தொடங்கப்பட்ட பந்தயத்தில் ஹன்ட் வென்றார். அடுத்த இரண்டு பந்தயம் லாடா இல்லை. ஹன்ட் ஆஸ்திரியாவில் நான்காவது, ஹாலந்தில் முதல். என் நோட்டில் வித்தியாசக் கலம் 14, 11, 2 என்று இறங்குகிறது.

செப்டம்பர் 12, இத்தாலியின் மோன்சா. விபத்து நடந்து 42 நாள்தான். லாடா வந்துவிட்டார். ஆறாத புண்ணில் கட்டுப் போட்டு, அதன் மேல் ஹெல்மெட். நான்காவதாக வந்தார். அன்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஹன்டுக்கு அன்று புள்ளியில்லை. 61க்கு 56.

அதே மாதக் கடைசியில் இங்கிலாந்துக் கோப்புக்குத் தீர்ப்பு வந்தது. இம்முறை ஹன்டுக்குப் பாதகம். அவரது 9 போயிற்று, லாடாவுக்கு 3 கூடியது. 64க்கு 47. ஆனால் கனடாவில் ஹன்ட் முதல், அமெரிக்காவில் வாட்கின்ஸ் கிளென்னில் மறுபடி முதல். லாடா அங்கே மூன்றாவது. 68க்கு 65. மிச்சம் ஒரே பந்தயம். அக்டோபர் 24, ஜப்பான், ஃபூஜி மலையடிவாரம்.

அன்று கொட்டுகிற மழை, மேலே மூடுபனி. ஓட்டலாமா வேண்டாமா என்று நேரம் கடந்தது. கடைசியில் ஓட்டச் சொன்னார்கள். லாடா இரண்டு சுற்று போனார், காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார், இறங்கிவிட்டார். தீயில் இமை வெந்துபோனதால் அவரால் கண்ணைச் சரியாக இமைக்கக்கூட முடியாது. அவர் மட்டுமல்ல, ஃபிட்டிபால்டி, பேஸ், பெர்கின்ஸ் மூவரும் அப்படியே நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் யாருக்கும் சாம்பியன் பட்டம் கையெட்டும் தூரத்தில் இல்லை.

ஃபெராரியின் தலைமைப் பொறியாளர் ஃபோர்கியேரி, இன்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றாராம். லாடா சம்மதிக்கவில்லை. இந்த மழையில் ஓட்டுவது ஆபத்து, அதனால் நிறுத்தினேன் என்றே சொன்னார்.

அவர் நிறுத்திய பிறகும் கணக்கு முடிந்துவிடவில்லை. ஹன்ட் நான்காவதாகவாவது வந்தாக வேண்டும். முன்னே ஓடிக்கொண்டிருந்தவர், பாதை காயக் காய டயர் தேய்ந்து, மாற்ற உள்ளே வந்து, ஐந்தாம் இடத்துக்கு இறங்கிவிட்டார். அப்படியே முடிந்திருந்தால் ஹோட்டலுக்குப் போனாலும் லாடாதான் சாம்பியன். கடைசிச் சில சுற்றில் ஹன்ட் இரண்டு பேரை முந்தினார். அதில் ஒருவர் லாடாவின் சக ஃபெராரி ஓட்டுநர் ரெகசோனி. ஹன்ட் மூன்றாவது, 4 புள்ளி. காரை விட்டு இறங்கும்போது தான் சாம்பியன் என்றே தெரியாமல் அணியினரிடம் கோபமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

69க்கு 68. என் கலத்தில் 47 என்று இருந்தது, ஒன்று குறைச்சல் என்று முடிந்தது.

பத்திரிகை கைக்கு வந்த நாளில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நெருப்பிலிருந்து எழுந்து வந்தவன், மழைக்குப் பயந்து ஒரு புள்ளியை விட்டுவிட்டானே! கணக்கின் கீழே சிவப்பு மையில் 'கோழை' என்று எழுதினேன். வீட்டில் அப்பாவிடமும் சொல்லிப் புலம்பினேன். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இந்தோசீனா போய் வந்தவர். அதிகம் பேச மாட்டார். "திரும்பி வந்தவன கோழைன்னு சொல்லாதடா. எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தான் வீட்டுக்கு வந்து சேருவான்" என்றார். எனக்கு அப்போது அது காதில் ஏறவில்லை.

1994ல் ஏறியது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருந்தது. எனக்கு அடுத்தவருக்கும் எனக்கும் மூன்று வருட சர்வீஸ் வித்தியாசம். உத்தரவு வந்தது, ஆனால் இடம் ஏனாம். கோதாவரிக் கரையில், ஆந்திராவுக்குள். என் மனைவி அப்போது தொடர் சிகிச்சையில் இருந்தாள். பெண் பத்தாம் வகுப்பு. போனால் அவள் தனியாகத்தான் மருத்துவமனைக்கு அலைய வேண்டும். இரண்டு ராத்திரி தூங்காமல் யோசித்து, பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில், நான் வேலை கற்றுக் கொடுத்த பையனுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டி வந்தது. ஓய்வு பெறும்வரை அந்த இடைவெளியை எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஓய்வூதியத்தில் இன்றும் அது தெரிகிறது.

லாடா அளவுக்கு நேர்மையும் எனக்கு இருக்கவில்லை. காரணம் கேட்ட கலத்தில் 'சொந்தக் காரணங்களால்' என்றுதான் எழுதினேன்.

லாடாவின் கதை அதோடு நிற்கவில்லை. மறு வருடமே, 1977ல், மீண்டும் சாம்பியன் ஆனார். 1979ல் விலகி விமான நிறுவனம் நடத்தினார். 1982ல் திரும்பி வந்தார், அதுவும் ஹன்டின் பழைய மெக்லாரன் அணிக்கு. 1984ல் நம் பிரெஞ்சுக்காரர் ஆலேன் ப்ரோஸ்ட் அதே அணியில் ஏழு பந்தயம் வென்றார், லாடா ஐந்துதான் வென்றார். ஆனால் சாம்பியன் லாடா, 72க்கு 71.5. அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அந்த வருடம் மொனாக்கோவில் பெருமழை. பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி, முதலில் இருந்த ப்ரோஸ்டுக்கு 9க்குப் பதில் பாதி, 4.5 மட்டும் கொடுத்தார்கள். ஃபூஜி மழையில் ஒரு புள்ளியில் இழந்தவருக்கு மொனாக்கோ மழை அரைப் புள்ளியில் ஒரு பட்டம் கொடுத்தது. ப்ரோஸ்ட் பக்கம் இருந்த எனக்கு அன்று வருத்தப்படக்கூடத் தோன்றவில்லை.

ஹன்ட் 1993ல், 45 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். லாடா 2019 மே 20 அன்று காலமானார். வயது 70. நூர்பர்க்ரிங்குக்குப் பிறகு 42 வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். என் மனைவி அந்த ஏனாம் உத்தரவுக்குப் பிறகு 11 வருடம் என்னோடு இருந்தாள். பெண்ணின் கல்யாணத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பேரேட்டில் எழுதியதை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டுத் தேதி போட வேண்டும். சர்வீஸில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்த விதி. பரணிலிருந்து இறங்கி, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, அந்தச் சிவப்பு மைச் சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தேன். சுருக்கொப்பம் இட்டு, தேதியும் போட்டுவிட்டேன்.