சுடுபவர் ஓரிடம், துப்பாக்கி ஓரிடம்

கொள்ளுப்பிட்டிக்குக் கிழக்கே சிறிது தூரத்திலுள்ள குதிரைப் பந்தயத் திடல் 1942ஆம் ஆண்டிலே விமானத் தளமாக விளங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது இங்கிருந்து எழுந்த 258ஆம் அணியின் 14 ஹரிக்கேன் விமானங்களுள் 9 வீழ்ந்தன. நான்கு நாட்களின் பின்னர், கொழும்பில் நிலைகொண்டிருந்த 11ஆம் அணியின் 9 பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள், துணைக்குப் போர்விமானம் ஒன்றுமின்றி, தளபதி நகுமோவின் கப்பற்படையைத் தாக்கின. குண்டுகள் ‘அக்காகி’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் அருகே கடலில் வீழ்ந்தன. சென்றவற்றுள் ஐந்து மீளவில்லை.

பிளென்ஹைமின் முதுகிலே துப்பாக்கிச் சுழல்மேடை ஒன்று உண்டு. அதனுள் அமர்ந்தவர் மேற்புறத்தையும் பின்புறத்தையும் காப்பார். வயிற்றுப்புறமோ அவர் கண்ணுக்கு எட்டாது. ஆகவே இவ்வகை விமானங்கள் பலவற்றில், மூக்கின் கீழே பின்னோக்கிச் சுடும் துப்பாக்கியும் பொருத்தப்பட்டது. வழிகாட்டுபவர் கண்ணாடியிலே பிம்பத்தைப் பார்த்து அதனை இயக்க வேண்டும். ஓடும் இரயிலில், கண்ணாடி பார்த்துத் தன் பிடரியைத் தானே மழிப்பவன் பாடுதான் அவர் பாடும்!

இதே எண்ணம் முழு உருப்பெற்ற விமானமும் இலங்கைக்கு வந்தது. 1944 ஆகஸ்ட் 10ஆம் திகதி, திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து 54 அமெரிக்க பி-29 விமானங்கள் சுமாத்திராவின் பலம்பாங் எண்ணெய் ஆலைகளை நோக்கிப் புறப்பட்டன. போக வர 3,800 மைலுக்கு மேல்.

மிக உயரத்திலே காற்று மெலிந்து குளிர் கடுமையாகும். அதனால் பி-29இன் அறைகள் காற்றழுத்தம் குன்றாதவாறு அடைக்கப்பட்டிருந்தன. சுழலும் மேடையை அவ்வாறு அடைப்பது எளிதன்று. எனவே சுடுபவரை உள்ளே இருத்தித் துப்பாக்கிகளை மட்டும் வெளியே வைத்தனர். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு சுழல்மேடைகள், வாலிலே மற்றொன்று. அவற்றை இயக்கும் கருவிகளை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஆக்கிற்று.

சுடுபவர் கண்ணாடிக் குமிழ் ஒன்றின் அருகே குறிகாட்டியுடன் இருப்பார். பகை விமானத்தின் சிறககலத்தை முதலில் அதிலே குறிப்பார். பின் ஒளிப்புள்ளிகளாலான வட்டத்தைச் சுருக்கியும் விரித்தும் அவ்விமானத்தை அதனுள் அடக்குவார். அதனால் தூரம் தெரியவரும். குறிகாட்டி திரும்பும் கோணத்தைச் சிறு மின்கருவிகள் துப்பாக்கிக்கு உணர்த்தும். வானொலிப் பெட்டியிலுள்ளவை போன்ற வால்வுகள் அக்குறிப்பைப் பெருக்க, மோட்டார்கள் மேடையைத் திருப்பும்.

ஆனால் பார்த்த திசையிலேயே சுட்டாற் பயனில்லை. மணிக்கு 300 மைல் வேகத்திற் செல்லும் விமானம் ஒரு விநாடியில் 440 அடி கடந்துவிடும். குண்டு போய்ச் சேருமுன் அது அகன்றிருக்கும். குண்டு தாழ்வதையும், எதிர்க்காற்று அதனை ஒதுக்குவதையும், கண்ணுக்கும் துப்பாக்கிக்கும் இடையிலுள்ள பல அடி இடைவெளியையும் கூடக் கணக்கிட வேண்டும். இவ்வளவையும் ஒரு கணிப்பு இயந்திரம் நொடியிற் செய்தது. அதற்கு வேண்டிய உயரம், வேகம், வெப்பநிலை ஆகியவற்றை வழிகாட்டுபவர் கொடுத்து வந்தார். தம் விமானத்தின் வாலையே சுட்டுவிடாதபடி, குழாய் அத்திசைக்குத் திரும்பியதும் சூடு தானே நின்றது. சுடுபவர் காயமுற்றுக் கைப்பிடியை விட்டால், அம்மேடையின் ஆட்சி வேறொருவர் கைக்கு மாறும். போர்க்கால நுட்பங்களுள் இதுவே பெரிதும் வியக்கத்தக்கது எனலாம்.

பலம்பாங் சென்ற இரவில் பகைவர் எந்த விமானத்தையும் வீழ்த்தவில்லை. எரிபொருள் தீர்ந்து ஒன்று கடலில் இறங்கிற்று. ஆலைகளுக்கு நேர்ந்த சேதமும் சிறிதே.

1945 மார்ச்சில் தோக்கியோவை இரவிலே எரிக்கச் சென்ற பி-29களிலிருந்து, கூடுதலாகத் தீக்குண்டுகள் ஏற்றும்பொருட்டு, துப்பாக்கிகளும் தோட்டாக்களும் பெரும்பாலும் அகற்றப்பட்டன. ஆகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவுக்கு அணுகுண்டைக் கொண்டுசென்ற விமானத்தில், அந்த நான்கு சுழல்மேடைகளில் ஒன்றேனும் இல்லை. வாலிலே மாத்திரம் துப்பாக்கி இருந்தது.