கம்பளமும் காவலும்

பெருமைக்குரிய விருந்தினரை வரவேற்பதை 'இரத்தினக் கம்பளம் விரித்தல்' என்று வழங்குவது தமிழர் மரபு. சொல் நம்மிடம் இருக்கிறது. பொருளோ பெரும்பாலான இல்லங்களில் இல்லை. சில இல்லங்களில் இருக்கும் கம்பளமும், அதனைப் பேணும் வகை அறியப்படாமையால் விரைவில் அழிந்துவிடுகிறது. கம்பளம் நெய்தவரைப் பற்றி வரலாறு ஓரளவு பேசுகிறது. நெய்ததை நூற்றாண்டுக் கணக்கில் காத்தவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அக்காவலின் வரலாற்றை இங்குச் சிறிது காண்போம்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்தில், தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் வழங்கும் எல்லைச் சிற்றூர்களுள் ஒற்றசேகரமங்கலமும் ஒன்று. அவ்வூரில் எம் உறவினர் இல்லத்தில் சிறியதொரு பாரசீகக் கம்பளம் இருந்தது. வடநாட்டில் அலுவல் பார்த்து ஓய்வு பெற்று மீண்ட பெரியவர் ஒருவர் கொணர்ந்தது அது. அழுக்குப் படக் கூடாதே என்ற அன்பினால், வீட்டார் அதனை நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையிலிட்டு, மச்சில் ஏற்றி வைத்தனர். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் மற்றொரு மழை என இரு பருவங்கள் கழிந்தன. தை மாதத்தில் ஒரு திருமணத்திற்காக அதனை இறக்கி விரித்தபோது, மடிப்புகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. செந்நிறப் பூக்கள் இருந்த இடங்களில் அடி நூல் மட்டுமே எஞ்சியிருந்தது. மயிர் முழுவதையும் புழு அரித்திருந்தது. நூறாண்டு வாழத்தக்க பொருள் இரு மழைப் பருவங்களில் மாண்டது. அதனைக் கெடுத்தது பகைமையன்று, அறியாமையோடு கூடிய அன்பு. அன்று எம் உள்ளத்தில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்து: பாரசீகத்தார் இதனை எவ்வாறு காத்தனர்?

முதலில் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். நம் நாட்டுப் பவானிச் சமுக்காளம் பாவும் ஊடையும் பின்னிய தட்டை நெசவு. பாரசீகக் கம்பளம் அத்தகையதன்று. தறியில் ஏற்றிய பாவு நூலில், ஆட்டு மயிர் நூலை ஒவ்வொரு முடிச்சாகக் கையால் இட்டு, வரிசைதோறும் ஊடையைச் செலுத்தி இறுக்கி, நூல்நுனிகளைச் சமமாகக் கத்தரித்து எடுப்பது அது. ஆகவே அதற்கு இரண்டு உடல்கள் உண்டு. மேலே கம்பளி அல்லது பட்டு; அடியில் பெரும்பாலும் பருத்தி. கம்பளியைப் பூச்சி தின்னும். பருத்தியைப் பூஞ்சை பற்றும். இவ்விரு பகைகளுக்கும் ஈரமும் இருளுமே துணை. கேரள எல்லைச் சிற்றூரின் மச்சில் இவ்விரண்டும் நிறைந்திருந்தன.

குளிரும் வறட்சியும் கம்பளத்திற்கு நண்பர்கள். சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியிலுள்ள பசிரிக் என்னுமிடத்தில், உருசிய அகழ்வாய்வாளர் செர்கே ருதெங்கோ 1949ஆம் ஆண்டில் ஒரு தலைவனின் புதைமேட்டைத் தோண்டினார். உள்ளே புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகி, அப்பனிக்குள் முடிச்சுக் கம்பளம் ஒன்று வண்ணம் குன்றாமல் கிடந்தது. அது சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இன்று அதனை லெனின்கிராடு என முன்னர் வழங்கிய செயிண்ட் பீட்டர்சுபர்க்கின் எர்மிதாழ் அருங்காட்சியகத்தில் காணலாம். இயற்கை பனியால் செய்த காவலை, மக்கள் தம் கையால் செய்ய வேண்டியிருந்தது.

பாரசீகக் கலையின் உச்சம் சபாவிய மன்னர் காலம். அக்காலத்து அர்தபில் கம்பளத்தில் இசுலாமிய ஆண்டு 946 என்று நெய்யப்பட்டுள்ளது, அது கி.பி. 1539-40க்கு நேரானது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1893ஆம் ஆண்டில் 2,000 பவுன் கொடுத்து இதனை வாங்கியது. இன்று பெரிய கண்ணாடிக் கூண்டுக்குள் தரையில் விரிக்கப்பட்டுள்ள இதன்மீது இடைவிடாமல் விளக்கு எரிவதில்லை. அரை மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் மட்டுமே ஒளி பாய்ச்சுகின்றனர். ஒளி வண்ணத்தைத் தின்னும் என்பதே காரணம். அரண்மனைப் பொருளுக்குரிய இவ்விதி நம் சன்னலோரக் கம்பளத்திற்கும் பொருந்தும்.

இக்கலை நம் நாட்டிற்கு அயலானதன்று. ஆக்ரா, பதேபூர், லாகூர் ஆகிய நகரங்களில் அக்பர் கம்பளத் தொழிலை வளர்த்ததை அபுல் பசல் தம் அயினி அக்பரியில் குறித்துள்ளார். தெற்கே ஏலூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கம்பளங்கள் நெய்யப்பட்டன. பாரசீகத்திலிருந்து வந்து குடியேறியோர் கொணர்ந்த தொழில் என்பது அப்பகுதியின் வழக்கு. தமிழ்நாட்டில் வாலாசாப்பேட்டையும் இத்தொழிலால் பெயர் பெற்றிருந்தது. ஆனால் இன்று பழைய தென்னாட்டுக் கம்பளம் ஒன்றைக் காண விரும்புவோர் நம் ஊர்களில் தேடிப் பயனில்லை. எங்கே தேடுவது?

சப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில் தேட வேண்டும். அங்கு ஆண்டுதோறும் சூலை மாதத்தில் கியோன் திருவிழா நடைபெறுகிறது. நம் ஊர்த் தேர்களைத் தேர்ச்சீலைகளால் அணி செய்வதுபோல, அவ்வூரார் தம் தேர்களின் பக்கங்களில் அயல்நாட்டுக் கம்பளங்களைத் தொங்க விடுவர். அவற்றுட் பல, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக் கம்பெனியின் கப்பல்கள் வழியே சென்ற இந்தியத் தக்கணக் கம்பளங்கள் என்பதை அறிஞர் ஆராய்ந்து காட்டியுள்ளனர். நெய்த மண்ணில் மறைந்தவை, வாங்கிய மண்ணில் வாழ்கின்றன! காரணம் எளியது. அவற்றைத் தெருவினர் தம் பொதுச் சொத்தாகக் கருதினர். ஆண்டில் சில நாட்களே வெளியே எடுத்தனர். மற்ற நாட்களில் காப்பறையில் வைத்தனர். உரிய பருவத்தில் பெட்டிப் பொருள்களை வெளியே எடுத்துக் காற்றாட வைக்கும் வழக்கம் சப்பானியரிடம் தொன்றுதொட்டு உண்டு. பழமை மிக்க சிலவற்றுக்கு மாற்றாகப் புதுப் படிகள் நெய்து, மூலத்தைப் பத்திரப்படுத்தியும் உள்ளனர். எம் உறவினரும் பெட்டிக்குள் வைத்தனர். கியோட்டோ மக்களும் உள்ளேதான் வைத்தனர். வேற்றுமை யாது? அவர்கள் எடுத்துப் பார்த்தனர், இவர்கள் பார்க்கவில்லை.

கம்பளத்திற்கு மற்றொரு தீங்கு வண்ணத்தால் வந்தது. பழைய சாயங்கள் செடியிலும் பூச்சியிலும் பிறந்தவை. மஞ்சிட்டி வேர் சிவப்பையும், அவுரி நீலத்தையும், அரக்குப் பூச்சி செந்நிறத்தையும் தந்தன. சிவப்பு நன்கு பற்றப் படிகாரம் துணை செய்தது. 1856ஆம் ஆண்டில் பெர்க்கின் என்னும் ஆங்கிலேயர் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். மலிவான அனிலின் சாயங்கள் பாரசீகச் சந்தைகளிலும் புகுந்தன. அவற்றுட் பல வெயிலில் வெளுத்தன, நீரில் கரைந்தன. நாட்டின் புகழுக்கு இழுக்கு வருவதைக் கண்ட மன்னர் நசீருத்தீன் ஷா காலத்து அரசு, அச்சாயத்தின் இறக்குமதியைத் தடை செய்தது. நம் நாட்டிலும் சர் சார்சு பர்டுவுட் என்பார், சிறைச்சாலைகளில் மலிவாக நெய்யப்பட்ட கம்பளங்கள் பழைய தரத்தைக் கெடுத்தன என்று 1880ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் வருந்தியுள்ளார். இவ்வரலாறு இல்லத்தார்க்கு ஒரு பாடம். எல்லாக் கம்பளமும் நீரைத் தாங்காது. கழுவுமுன் சோதித்தல் வேண்டும்.

இனிப் பேணும் முறைக்கு வருவோம். நுண்மணலே கம்பளத்தின் நாள்தோறுமான பகை. அது முடிச்சுகளின் அடியில் தங்கி, நடக்குந்தோறும் நூலை அரம்போல் அறுக்கும். ஆகவே, மயிர் சாய்ந்துள்ள திசையிலேயே மெல்லப் பெருக்கித் தூசியை நீக்குக. குஞ்சங்களைத் துடைப்பத்தால் இழுத்தல் ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் கம்பளத்தைத் தலைமாற்றிப் போட்டால், நடையும் ஒளியும் ஒரே இடத்தைத் தாக்கா.

காப்பியோ குழம்போ சிந்திவிட்டால் உடனே வெண்ணிறப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும், தேய்த்தல் கூடாது. பின்னர்க் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மீண்டும் ஒற்றுக. அதற்கு முன், கண்ணிற்படாத ஒரு மூலையில் ஈரத்துணியை அழுத்திப் பார்க்க. துணியில் வண்ணம் இறங்கினால் வீட்டில் நீர் படக் கூடாது. தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே நலம். சலவைச் சோடாவும் வெளுப்புத் தூளும் வேண்டவே வேண்டா. கம்பளி விலங்கின் மயிர். காரம் அதனைக் கரைத்துவிடும். வேட்டியை வெளுக்கும் பொருள் கம்பளத்திற்கு நஞ்சு.

நனைந்த கம்பளத்தைச் சுருட்டி வைத்தலும் தீது. காற்று இருபுறமும் பாயுமாறு அதனை விரைவில் உலர்த்துதல் வேண்டும். மழைக்காலத்தில் சிமிட்டித் தரையின் ஈரம் அடியில் ஏறுமாகையால், வாரந்தோறும் ஓரங்களைப் புரட்டிப் பார்த்தல் நன்று. கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் மறைந்த பகுதியில்தான் அந்துப்பூச்சி முட்டையிடும். அப்பகுதியைத் தவறாது பெருக்குக.

நீண்ட நாள் வைக்க நேர்ந்தால், தூய்மை செய்து நன்கு உலர்த்திய பின்னரே வைக்க. மடித்தலாகாது, உருளை ஒன்றின்மேல் சுருட்டி, பழைய வேட்டியால் சுற்றுதல் வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். வேப்பிலையும் வசம்பும் இடுவது நம்மவர் வழக்கம். இடுக, ஆயினும் அவற்றையே நம்பி இருத்தல் வேண்டா. மாதம் ஒரு முறை அவிழ்த்துப் பார்க்கும் கண்ணே சிறந்த மருந்து.

பாரசீகத்தார் கம்பளம் கழுவுதலை வீட்டு வேலையாக மட்டும் கருதவில்லை. தெகரான் அருகே இரே என்னும் பழம்பதியிலுள்ள அலி ஊற்றில், மக்கள் கூடிக் கம்பளம் கழுவிப் பாறைகளில் உலர்த்துவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. காசான் பக்கத்து மசுகது அர்தெகாலில் இது திருவிழாவாகவே விளங்குகிறது. உயிர்நீத்த சுல்தான் அலி என்னும் பெரியாரின் உடலை ஒரு கம்பளத்தில் ஏந்தி ஓடைக்குக் கொணர்ந்து நீராட்டி அடக்கம் செய்தனர் என்பது அங்குள்ளோர் மரபு. அதன் நினைவாக, ஆண்டுதோறும் மெகர் மாதத்தின் 17ஆம் நாளை ஒட்டிய வெள்ளிக்கிழமையன்று, காவே ஊரார் கம்பளத்தின்மீது பன்னீர் தெளித்துக் கொடுக்க, பின் ஊரார் அதனை ஓடைக்குக் கொண்டு சென்று கழுவி மீட்கின்றனர். யுனெசுகோ நிறுவனம் 2012ஆம் ஆண்டில் இவ்விழாவை மனித இனத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. காசானின் நெசவுத் திறன் 2010ஆம் ஆண்டிலேயே அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. நெய்தலுக்கு ஒரு சிறப்பு. கழுவுதலுக்கும் ஒரு சிறப்பு. இரண்டையும் ஒத்த மதிப்பினவாக உலகம் ஏற்றது என்பது கருதத்தக்கது.

ஒற்றசேகரமங்கலத்துக் கம்பளத்தில் புழு தொடாத ஒரு பகுதி எஞ்சியிருந்தது. வீட்டார் அதனை வெட்டி ஓரம் தைத்து, பெரியவர் அமர்ந்த நாற்காலியின் முன் விரித்துள்ளனர். இப்போது நாள்தோறும் அது பெருக்கப்படுகிறது. மழை வெறித்த நாட்களில் திண்ணையில் காற்றாடுகிறது. இழந்தது மீளாது, எஞ்சியதைக் காக்கலாம். நேயர்களே, நும் இல்லத்துப் பெட்டிகளிலும் மச்சுகளிலும் மூத்தோர் வைத்த பொருள் ஏதேனும் உறங்குமாயின், அடுத்த மழைக்கு முன் அதனை ஒரு முறை அவிழ்த்துப் பாருங்கள்.