அம்பாசடரும் ஹெரால்டும்: முட்டு எங்கே நிற்க வேண்டும்?

பழைய கார்களோடு பழகியவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: அம்பாசடர் இரும்புக்கோட்டை, ஸ்டாண்டர்டு ஹெரால்டு நோஞ்சான். சாலையில் ஓடும்போது இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முன்பக்கத்தைப் பிரித்து, வண்டியை முட்டுக் கொடுத்து நிறுத்தும் வேலையில் நோஞ்சான் என்று பேர் வாங்கிய வண்டிதான் அடங்கி நிற்கிறது. கோட்டைக்குத்தான் காவல் அதிகம் வேண்டியிருக்கிறது. கடலூரில் ஒரு பட்டறையில் அம்பாசடருக்கும், சிதம்பரத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் ஹெரால்டுக்கும் இந்த வேலை நடந்ததைக் கிட்ட இருந்து பார்த்தபோது எனக்கு உறுதியானது இது.

காரணம் இரண்டின் பிறப்பிலேயே இருக்கிறது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது அம்பாசடர். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை தயாரானது. அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகடு, ஓரப் பெட்டிச்சட்டம், கதவுத் தூண், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த கூடுதான் அதன் எலும்பு. ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1961 முதல் சென்னையில் தயாரானது. அதற்கு அடியில் தனிச் சேஸிஸ், மேலே போல்ட் போட்டு மாட்டிய உடல். அந்தக் காலத்தில் தனிச் சேஸிஸ் பழைய பாணி. உடல்கூடு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953இல் பி.எம்.சி. என்ற கார்க் குழுமம் வாங்கிவிட்டதால், ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்கு வேறு வழியில்லாமல் போனது. அந்த பி.எம்.சி.க்குள்தான் மாரிஸும் இருந்தது. அம்பாசடரின் தாய்வீடு செய்த வேலையால் ஹெரால்டுக்குச் சேஸிஸ் கிடைத்தது என்று சொன்னால் தவறில்லை.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. இது இரண்டு வண்டிக்கும் பொது. உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் சீல் தேய்ந்தால் போதும், ஜாக்கி சத்தமில்லாமல் இறங்கிவிடும். தூக்கிய கையோடு இரும்பு ஸ்டாண்டு வைத்து, எடையை அதன்மேல் இறக்கி, வண்டியை ஒரு தடவை கையால் அழுத்தி ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் நுழைய வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைப்பதை நம் ஊரில் இன்னும் பார்க்க முடிகிறது. ஹாலோ பிளாக் வளைந்து எச்சரிக்கை தராது, ஒரே நொடியில் நொறுங்கும். தயவுசெய்து வைக்காதீர்கள்.

இனி வேறுபாடு. ஹெரால்டில் ஸ்டாண்டுக்கான இடத்தைத் தேட வேண்டியதில்லை. முன் சஸ்பென்ஷனுக்குப் பின்னால், சேஸிஸின் இரண்டு முக்கியச் சட்டங்களுக்கு அடியில் வைத்தால் போதும். பக்கவாட்டில் நீளும் கைச்சட்டங்கள் மட்டும் வேண்டாம். அவை மெல்லியவை, முதலில் துருப்பிடிப்பவையும் அவைதான். அம்பாசடரிலோ ஸ்டாண்டின் தலை படும் இடம் எதுவானாலும் அது உடலின் ஒரு பாகம். வெறும் தரைத் தகட்டில் வைத்தால் தகடு உள்ளே குழியும். தரைக்கு அடியில் ஓடும் பெட்டிச்சட்டம், குறுக்குச் சட்டத்தைச் சந்திக்கிற இடம்தான் சரி. அங்கேயும் நடுவில் கட்டை வைத்து எடையைப் பரப்ப வேண்டும்.

கடலூரில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். உப்புக்காற்று பெட்டிச்சட்டத்தை உள்ளிருந்து தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும், ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். நான் பார்த்த டிங்கர், ஸ்டாண்டு வைப்பதற்கு முன்னால் சட்டம் நெடுகச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ‘டங்’கென்ற ஓசை ‘தொப்’பென்று மாறிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். தூக்கி நிறுத்திய பிறகு முன்கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கதவு பூட்டில் இடித்தது. கூடு முறுக்குகிறது என்று அர்த்தம். வண்டியை மறுபடி இறக்கி, ஸ்டாண்டை நாலு விரற்கடை நகர்த்தினார். முன்சட்டத்தை வெட்டி எடுப்பதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கோணம் பற்றவைத்ததும் அதே பயத்தால்தான். கூடே எலும்பு என்னும்போது, ஒரு எலும்பை வெட்டும் நேரத்தில் மற்றவை இடம் மாறக் கூடாது.

ஸ்பிரிங்கில்தான் உயிராபத்து. அம்பாசடரின் முன் ஸ்பிரிங் நீளமான முறுக்குக் கம்பி. ஒரு முனை சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷனின் கீழ்க்கையில், மறுமுனை தரைக்கு அடியில் பின்னால் உள்ள குறுக்குச் சட்டத்தில். முன்பக்க எடையைத் தாங்கும் விசை முழுவதும் அந்தக் கம்பியில் முறுக்கேறி நிற்கிறது. அதைத் தளர்த்தாமல் கீழ்க்கையின் போல்ட்டைக் கழற்றினால் கை அடித்து இறங்கும், எதிரே இருப்பவர் தப்ப முடியாது. கீழ்க்கைக்கு ஜாக்கி கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, முறுக்கை முழுக்க விட்ட பிறகே பிரிக்க வேண்டும். இடப்பக்கக் கம்பியை வலப்பக்கம் மாட்டக் கூடாது என்பதால் இரண்டிலும் அடையாளம் வைப்பது நல்லது.

ஹெரால்டில் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுதி. மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட். ஸ்பிரிங் தன் தட்டுகளுக்குள்ளேயே அமுங்கியபடி முழுசாகக் கையோடு வந்துவிடும். தொகுதியைப் பிரிக்கும்போதுதான் கவனம் வேண்டும். அதை மேஜைமேல், ஸ்பிரிங் கம்ப்ரசர் போட்டு, நிதானமாகச் செய்யலாம். வண்டிக்கு அடியில் படுத்தபடி செய்ய வேண்டிய ஆபத்தான வேலை இதில் ஒன்று குறைகிறது.

பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவதில் சிதம்பரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர் ஓடுகிற ஊர். முட்டுக்கட்டை போடுபவரின் கையில்தான் தேரின் வேகம் இருக்கிறது. கார் நிற்கத்தானே போகிறது என்று ஒரு பக்கம் மட்டும் கட்டை வைப்பவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். கட்டையோடு எடையையும் கவனிக்க வேண்டும்: எஞ்சினைத் தூக்கி எடுத்ததும் நூறு கிலோவுக்கு மேல் முன்னாலிருந்து போய்விடுகிறது. எடையின் நடுப்புள்ளி பின்னால் நகர்கிறது. நாலு ஸ்டாண்டிலும் நிற்கும் வண்டியில் முன் ஸ்டாண்டுகள் அதிகம் பின்தள்ளி இருந்தால், எஞ்சின் இருக்கும்வரை மூக்கு கீழே சாயப் பார்க்கும். இல்லாதபோது முன்பக்கம் லேசாகி, ஒரு இழுப்புக்கே ஸ்டாண்டை விட்டு எழும்பும். ஆகவே எஞ்சினை எடுத்தபின் மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். கனமான அம்பாசடரில் இது இன்னும் முக்கியம்.

தரையும் ஊருக்கு ஊர் வேறு. கடற்கரை மணலில் ஸ்டாண்டின் கால் உடனே புதையும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். கொள்ளிடத்துக்கு வடக்கே களிமண் பூமியில் காலையில் கல்லாக இருந்த தரை ஒரு மழைக்குப் பின் குழைந்துவிடும். ஐப்பசியில் வேலை எடுத்தால் சிமென்ட் தரை வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனமான இரும்புத் தகடு.

வேலை முடிந்து இறக்கும்போதும் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ரப்பர் புஷ்களின் போல்ட்டை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் நின்ற பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும் என்பது மட்டும் பொது. ஹெரால்டில் கதவு இடைவெளி கோணலாக இருந்தால் உடலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தகட்டுத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம். அம்பாசடரில் முன்பக்க உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து திரும்ப அளந்து, முறுக்குக் கம்பியைத் திருத்த வேண்டும். அதன் கதவு இடிக்கிறது என்றால் தகட்டுத் துண்டு உதவாது, வெட்டி ஒட்டிய இடத்துக்கே திரும்பப் போக வேண்டும்.