சபக்கும் தக்ராரும்: இமாம் ஸர்னூஜீ காட்டிய கல்விநெறி

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில், தோல்வியுற்ற மாணவர் சிலர் தம் ஆசிரியரைத் தேடி வருவது வழக்கம். “இரவு பகலாகப் படித்தேன் ஹஜ்ரத், ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. எனக்கு அந்த அளவு மூளை இல்லை போலும்” என்பதே அவர்களுள் பெரும்பாலோர் கூறும் காரணம். நீண்டகாலமாகக் கிதாபு ஓதிக்கொடுத்து வரும் இக்கட்டுரையாளன் இச்சொற்களைப் பன்முறை கேட்டிருக்கிறான். இவ்வெண்ணத்தால் கல்வியையே கைவிட்டுச் சென்றவர்களையும் கண்டிருக்கிறான்.

உழைத்தும் பயன் கிட்டாத இந்நிலை புதியதன்று. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அறிஞர் இதனைக் கண்டு வருந்தி, மாணவர்க்கென்றே ஒரு நூல் இயற்றினார். அவர் இமாம் புர்ஹானுத்தீன் ஸர்னூஜீ (ரஹ்). நூல் ‘தஅலீமுல் முதஅல்லிம்’.

நூலும் ஆசிரியரும்

ஸர்னூஜீ, அம்மூ நதிக்கு அப்பாலுள்ள மாவராஉன்னஹ்ர் பகுதியைச் சார்ந்தவர். ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். நம் ஹனஃபி மத்ரஸாக்களில் இன்றளவும் ஓதப்பெறும் ‘ஹிதாயா’வின் ஆசிரியர் இமாம் மர்கீனானீ (ரஹ்) (மறைவு ஹி. 593/கி.பி. 1197) அவர்களின் மாணவர். புகாரா, ஸமர்கந்து நகரங்களின் கல்விச் சூழலில் தாம் கண்டவற்றையும் தம் ஆசிரியர்களிடம் கேட்டவற்றையும் 13 அத்தியாயங்களில் அவர் தொகுத்தளித்தார். 1947ஆம் ஆண்டில் இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

தம் காலத்து மாணவர் பலர் முயன்றும் கல்வியை எய்தவில்லை என்பதும், அதற்குக் காரணம் அவர்கள் கற்கும் வழியைத் தவறவிட்டதே என்பதும் ஸர்னூஜீயின் முன்னுரைக் கருத்து. மாணவனின் அறிவுக்குறையை அவர் காரணமாகக் காட்டவில்லை. நூல் முழுவதும் இந்த அடித்தளத்தின் மேலேயே நிற்கிறது.

பாடத்தின் அளவு

நிய்யத்து, ஆசிரியரைத் தேர்தல், கல்விக்குரிய மரியாதை ஆகியவற்றைக் கூறியபின், நாள்தோறும் எவ்வளவு கற்பது என்னும் வினாவுக்கு அவர் வருகிறார். இருமுறை ஓதினால் மனத்தில் தங்கும் அளவே தொடக்க நிலை மாணவனின் பாடமாக இருத்தல் வேண்டும். பின்னர் நாளொன்றுக்கு ஒரு சொல் என்னும் அளவில் அதனைக் கூட்டிச் செல்லலாம். அவ்வாறு கூட்டினால், பாடம் நீண்டபோதும் இருமுறை ஓதுதலே போதுமானதாக இருக்கும்.

இதற்கு அவர் காட்டும் காரணம் நுட்பமானது. தொடக்கத்திலேயே பாடத்தை நீளமாக்கி, பத்து முறை ஓதினால்தான் தங்கும் என்னும் நிலையை ஒருவன் ஏற்படுத்திக்கொண்டால், அதுவே அவனுக்குப் பழக்கமாகிவிடும்; பெருமுயற்சியின்றி அதிலிருந்து அவன் விடுபட முடியாது. விளங்குதலைப் பற்றியும் அவர் இவ்வாறே எச்சரிக்கிறார். ஓரிருமுறை விளங்காமல் கடந்து செல்பவனுக்கு விளங்காமற் கடப்பதே வழக்கமாகி, பிறகு எளிய உரையும் அவனுக்குப் புலப்படாமற் போகும். ஆகவே, விளங்காத எதனையும் எழுதிவைக்கலாகாது என்பது அவர் விதி. பாடத்தைப் பார்த்தெழுதியோ கைபேசியில் படமெடுத்தோ வைத்துக்கொண்டு, அதனைக் கற்றுவிட்டதாக எண்ணும் நம் காலத்து மாணவர்க்கு இவ்விதி இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் இளமைப்பருவ நிகழ்ச்சி ஒன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஜுர்ஜானிலிருந்து தூஸ் நகருக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் அவருடைய பாடக்குறிப்புகளைப் பறித்துக்கொண்டனர். குறிப்புகளை மட்டுமேனும் தருமாறு அவர் மன்றாட, காகிதத்தைப் பறித்ததும் பறிபோகும் கல்வி என்ன கல்வி என்று கொள்ளையர் தலைவன் நகைத்தானாம். குறிப்புகள் திரும்பக் கிடைத்தபின், மூன்றாண்டுகள் அமர்ந்து அவை முழுவதையும் அவர் மனத்திலேற்றினார் என்று வரலாற்றாசிரியர் ஸுப்கீ (ரஹ்) பதிவு செய்கிறார்.

ஐந்து நாள் கணக்கு

மனத்திலேற்றியதைக் காப்பதற்கு ஸர்னூஜீ ஒரு கணக்கை வகுக்கிறார். நேற்றைய சபக்கை இன்று ஐந்து முறை ஓத வேண்டும். அதற்கு முந்தைய நாளின் சபக்கை நான்கு முறை. அதற்கும் முந்தையதை மூன்று முறை. அதற்கு முந்தையதை இருமுறை. அதற்கும் முந்தையதை ஒருமுறை. இவ்வாறு ஒவ்வொரு சபக்கும் ஐந்து நாள்களில் 15 முறை ஓதப்படுகிறது. ஒரே இரவில் 15 முறை ஓதுவதற்கும் இதற்கும் எண்ணிக்கையில் வேறுபாடில்லை. பயனிலோ பெரும் வேறுபாடுண்டு.

ஜெர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம் மறதியை அளந்து, 1885இல் நூலொன்றை வெளியிட்டார். கற்றதன் பெரும்பகுதி தொடக்கத்தில் விரைந்து மறைகிறது, பின்னர் மறதியின் வேகம் குறைகிறது, பல நாள்களுக்குப் பகிர்ந்து ஓதுவது ஒரே அமர்வில் ஓதுவதினும் மேலானது என்பன அவர் கண்ட முடிவுகள். மறதி மிகும் தொடக்க நாளில் மிகுதியாகவும் பின்னர் குறைத்தும் ஓதச்சொன்ன ஸர்னூஜீயின் கணக்கு இம்முடிவுகளோடு இயைந்து செல்கிறது. அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஓதிக்கொடுத்த ஆசிரியர்களின் பட்டறிவு இருந்தது.

கூடிக் கற்றல்

தனித்து ஓதுவதோடு கல்வி நிறைவு பெறுவதில்லை. தோழரோடு வினாவெழுப்பி ஆராயும் முதாகராவைத் தனித்து ஓதுவதினும் பயனுடையதாக ஸர்னூஜீ கருதுகிறார். ஆனால் அது பொறுமையோடும் நடுவுநிலையோடும் நடைபெற வேண்டும். எதிரியை வெல்லும் நோக்கம் கூடாது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) துணிவணிகராக இருந்தபோது தம் கடையிலேயே இத்தகைய உரையாடல்களால் ஃபிக்ஹில் தேர்ந்தார் என்னும் செய்தியைக் கூறி, கல்வியும் பொருளீட்டலும் ஒருங்கே இயலும் என்று முடிவு காண்கிறார். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே கல்லூரியில் பயில்வோர்க்கு இது ஆறுதல் தரும்.

அவர் கூறும் மற்றொரு செய்தி உள்ளத்தைத் தொடுவது. ஆட்சி மாற்றத்தால் இஸ்பீஜாபீ என்னும் அறிஞரின் கல்வி தடைப்பட்டது. அவர் தம் கல்வித்தோழரோடு ஊரைவிட்டு வெளியேறினார். இருவரும் 12 ஆண்டுகள் நாள் தவறாமல் அமர்ந்து முதாகரா செய்தனர். தோழர் ஷாஃபிஈ மத்ஹபினர். பின்னாளில் அம்மத்ஹபினரின் ஷைகுல் இஸ்லாமாக உயர்ந்தார். ஆசிரியரும் மத்ரஸாவும் இல்லாத காலத்தில் அன்றாட அமர்வு ஒன்றே அவர்களைக் காத்தது. தம் தோழர்களைவிடத் தாம் மேம்பட்டதற்கு இடைவெளியின்றிக் கற்றதே காரணம் என மர்கீனானீ (ரஹ்) கூறியதையும் ஸர்னூஜீ பதிந்துள்ளார்.

நேரமும் இடமும்

ஸஹர் நேரமும், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுதும் ஸர்னூஜீ பரிந்துரைப்பவை. ஒரு கலையில் சலிப்புத் தோன்றினால் வேறொன்றுக்கு மாறலாம். இமாம் முஹம்மத் ஷைபானீ (ரஹ்) இரவில் பல ஏடுகளை அருகில் வைத்து இவ்வாறு மாறிமாறிப் பயின்றார். எனினும், உடல் தளருமளவு தன்னை வருத்திக்கொள்ளலாகாது. பின்வந்த இப்னு ஜமாஆ (ரஹ்) (ஹி. 639–733/கி.பி. 1241–1333) இதனை மேலும் விரித்து, மனனத்துக்கு ஸஹர், ஆய்வுக்கு அதிகாலை, எழுத்துக்கு நண்பகல், வாசிப்புக்கும் முதாகராவுக்கும் இரவு என வகுத்தார். பசுஞ்சோலை, ஓடும் நீர், சந்தடி மிகுந்த சாலை ஆகியவற்றின் அருகே மனனம் செய்வதையும் அவர் விலக்கினார். மனத்தை ஈர்ப்பன எல்லாம் மனனத்துக்குத் தடை என்பது இதன் கருத்து.

கொள்வனவும் தள்ளுவனவும்

இந்நூலில் உள்ள அனைத்தும் ஏற்கத்தக்கன என்று கூறுவதற்கில்லை. பச்சைக் கொத்துமல்லி, புளித்த ஆப்பிள் ஆகியவற்றை உண்பதும், மீஸான் கற்களில் எழுதியுள்ளதைப் படிப்பதும் மறதி தரும் என அவர் எழுதுவது அக்காலத்தின் நம்பிக்கை. புதன்கிழமை பாடம் தொடங்குவதற்கு அவர் எடுத்துக்காட்டும் ஹதீஸும் ஹதீஸ்கலை அறிஞர்களின் ஆய்வில் நிற்பதில்லை. இவற்றால் நூலின் மதிப்புக் குறைவதில்லை. அவருடைய மையக்கருத்தை இவற்றினின்றும் பிரித்தறிவது நம் கடமை.

சபக் என்னும் சொல்லை நாம் இன்றும் பாதுகாத்து வருகிறோம். அதற்குரிய அளவையும் கணக்கையும் கைவிட்டோம். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில், மாணவன் எத்தனை முறை ஓதினான், விளங்கினானா என்று கேட்க ஆசிரியராகிய நாமும் மறந்தோம். ஆகவே, தனக்கு மூளை இல்லை என்று சொல்லி வரும் மாணவனிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, “நேற்றைய பாடத்தை இன்று எத்தனை முறை பார்த்தாய்?” என்பதே. ஒரேயொரு சிறு பாடத்தை அவனிடம் கொடுத்து, ஐந்து நாள் கணக்கின்படி ஓதச் செய்து, ஆறாம் நாள் கேட்டுப் பார்ப்போம். தன்னால் இயலும் என்பதை அன்று அவனே உணர்வான். கல்வியைக் கைவிட எண்ணி வந்த ஒருவனை மீட்டெடுக்க அதுவே போதுமான தொடக்கம். பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் வழங்குவானாக!