எரிவது நெஞ்சா?

விருந்துண்டு படுத்ததும் நெஞ்சு எரிகிறதா? எரிவது நெஞ்சன்று, உணவுக்குழாய். இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதை 1823-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் புரௌட் காட்டினார். அது மேலேறிக் குழாயைப் புண்ணாக்குவதைத் தனி நோயாக நியூயார்க்கின் ஆஷர் விங்கெல்ஸ்டீன் விளக்கியது 1935-இல்தான்.

அமிலம் நேரே சுடுகிறது என்றே பின்னர் பலரும் எண்ணினர். 2016-இல் டல்லஸ் நகரில் 12 நோயாளிகளை ஆராய்ந்தபோது, மருந்தை நிறுத்தியபின் அழற்சி திசுவின் ஆழத்தில் தோன்றக் கண்டனர். அமிலம் தூண்டும் செல்களின் எதிர்வினையே காரணமாகலாம். ஆக்சிஜனேற்ற நெருக்கடிக்கும் இதில் பங்குண்டு எனக் கருதுகின்றனர்.

பெருத்த வயிறு இரைப்பையை அழுத்தும். அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குத் திரவம் நகரும் என்பது நீங்கள் படித்த இயற்பியலே. ஆகவே இடுப்பளவைக் கவனியுங்கள், உண்டவுடன் படுக்காதீர்கள். நெஞ்சுவலியாக இருந்தால் மட்டும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இதயமும் அங்கேதான் இருக்கிறது.