பிரேமை மாத்துறதுக்கு முன்னால: மலைச் சைக்கிளின் வரலாறு சொல்றது

எங்க பக்கம் மலைச் சைக்கிள் வச்சிருக்கிற பசங்ககிட்ட அடிக்கடி கேட்கிற பேச்சு ஒண்ணு: "பிரேம் சரியில்ல, மாத்தணும்." இறக்கத்துல முன்சக்கரம் ஆடுது, ஏத்தத்துல முதுகு வலிக்குது, அதனால பிரேம்தான் குற்றவாளி. ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா ஆகிறதுக்கே 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்த தோட்டங்கள் எங்களுடையவை. அங்க ஒரு புது பிரேம் வாங்குறது சின்ன முடிவு இல்ல. அதனால இந்தச் சைக்கிள் எப்படிப் பிறந்ததுன்னு ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

பொல்பிட்டியவில் தட்டையான ரோடு அபூர்வம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி ஆறாகிற பகுதி இது. 1969இல் இங்க மின் நிலையம் இயங்கத் தொடங்கினதே தண்ணி விழுகிற இந்தச் சரிவை நம்பித்தான். பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத, முன் போர்க்கில் மட்டும் அதிர்வு தாங்கி உள்ள 'ஹார்ட்டெயில்' சைக்கிளும் இப்படி ஒரு சரிவில் இருந்துதான் வந்தது.

அந்தச் சரிவு அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் இருக்கு. 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் 1930கள், 40களில் செய்யப்பட்ட பழைய 'ஷ்வின் எக்செல்சியர்' சைக்கிள்களைத் தேடிப்பிடிச்சு மலைப்பாதையில் இறக்கினாங்க. தடித்த டயர், கனமான இரும்பு பிரேம். பெடலைப் பின்னால மிதிச்சா பிடிக்கிற ஒரே ஒரு பிரேக். 1976 ஒக்டோபர் 21ஆம் திகதி அங்க ஒரு இறக்கப் போட்டி தொடங்கியது. ஏறக்குறைய மூணரை கிலோமீட்டருக்குள்ள சுமார் 400 மீட்டர் இறக்கம். கீழே வந்து சேரும்போது பின்சக்கர ஹப்பில் இருந்த கிறீஸ் சூட்டில் புகையாப் போயிருக்கும். மறுபடி கிறீஸ் அடைச்சாத்தான் அடுத்த ஓட்டம். அப்படி 'மறுபடி அடைக்கிறது' என்ற அர்த்தத்தில்தான் அந்தப் போட்டிக்கு 'ரீபேக்' என்று பேர் வந்தது.

அவங்க என்ன வரிசையில் மாத்தினாங்க என்பதுதான் நமக்கு முக்கியம். பிரேக் தாங்கலையா, டிரம் பிரேக்கும் மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரும் போட்டாங்க. ஏற முடியலையா, கியர் பூட்டினாங்க. 1974 டிசம்பரில் ஒரு பந்தயத்துக்கு வந்த குப்பர்டினோ பசங்களின் தடித்த டயர் சைக்கிள்களில் ஏற்கெனவே கியர் இருந்தது. இத்தனைக்கும் பிரேம் அதே பழைய பிரேம்தான். அது வளையவும் உடையவும் தொடங்கின பிறகுதான், 1977இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புது பிரேம் செய்தார். அப்பவும் கோணங்களை அவர் புதுசாக் கண்டுபிடிக்கல. பழைய ஷ்வின்னின் வடிவத்தைப் பின்பற்றி, குழாயைத்தான் உறுதியாவும் இலேசாவும் ஆக்கினார். எது குறைன்னு தெரிஞ்ச பிறகு செய்த பிரேம் அது.

இது அமெரிக்கக் கதை மட்டும் இல்ல. 1990களில் பொருளாதாரத் தடைக்குள்ள இருந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் இல்ல, பற்றரியும் இல்ல. சைக்கிள்தான் வாகனம். அதே சைக்கிளின் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவில் செய்தி கேட்டாங்க. கையில இருக்கிறதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று நம்ம சனத்துக்கும் தெரியும்.

இன்னொரு வரலாறும் இருக்கு. 1980கள், 90களில் கடைக்கு வந்த மலைச் சைக்கிள்களில் பந்தய ரோட்டுச் சைக்கிளின் பாணி நுழைஞ்சது. ஸ்டெம் 120, 130 மில்லிமீட்டர் நீளம். ஹேண்டில் 600 மில்லிமீட்டரைக்கூடத் தொடாத அகலம். உடம்புப் பாரம் முன்சக்கரத்து மேல விழும், இறக்கத்துல குப்புறத் தள்ளும். 1998இல் கேரி பிஷரின் கம்பனி பிரேமை நீளமாக்கி ஸ்டெம்மைக் குறைச்சது. இன்னைக்கு 35 முதல் 50 மில்லிமீட்டர் ஸ்டெம்மும் 760க்கு மேற்பட்ட ஹேண்டிலும் சாதாரணம். நம்ம கைக்கு வர்ற பழைய சைக்கிள்கள் பலதும் அந்த நீள ஸ்டெம் காலத்துச் சரக்குதான்.

அதனால வரிசை இப்படி இருக்கட்டும். முதல்ல காத்து. டயர் ஓரத்தில் போட்டிருக்கிற அளவுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுப் பாருங்க. ரொம்பக் குறைச்சா ரிம் கல்லில் இடிச்சு டியூப் கிழியும். அடுத்து சீட். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசா மடங்கணும், நீண்ட இறக்கத்துக்கு முன்னால சீட்டை இறக்கிக்கணும். மூணாவது ஸ்டெம்மும் ஹேண்டிலும். பழைய பிரேம் நீளம் குறைஞ்சது. அதுக்கு 35 போட்டா முழங்கால் ஹேண்டிலில் முட்டும். 60, 70 அளவில் தொடங்குங்க. ஹேண்டில் பிடி 25.4 மில்லிமீட்டரா 31.8ஆன்னு பார்த்துட்டுத்தான் காசு கொடுக்கணும். கடைசியா போர்க். 80 மில்லிமீட்டர் போர்க்குக்காகச் செய்த பிரேமில் 140 போட்டா, பிரேமின் கழுத்து தாங்குற பாரம் கூடிப்போகும்.

பிரேமை மாத்தியே ஆகவேண்டிய நேரமும் உண்டு. கழுத்து வெல்டிங்கிலோ பெடல் அச்சுப் பக்கமோ வெடிப்புத் தெரிஞ்சா அதை ஓட்டவே கூடாது. இரும்பு பிரேமை நல்ல வெல்டிங்காரர் ஒட்டித்தரலாம். அலுமினியம் அப்படி இல்ல, ஒட்டின சூட்டிலேயே பக்கத்து உலோகம் பலம் இழக்கும். கினிகத்தேன இறக்கத்துல கழுத்து உடைஞ்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. அதே மாதிரி உங்க உயரத்துக்குப் பொருந்தாத பிரேமை எந்த ஸ்டெம்மும் காப்பாத்தாது.

மத்தபடி, பிரேமில் என்ன குறைன்னு ஒரு வரியில் சொல்ல முடியுதான்னு யோசிச்சுப் பாருங்க. "கழுத்தில் வெடிப்பு", "எனக்கு நீளம் பத்தல" என்று சொல்ல முடிஞ்சா காசு சேருங்க. "என்னவோ சரியில்ல" என்று மட்டும்தான் வருதுன்னா, ஒரு அலன் சாவியும் காத்துப் பம்பும் எடுத்துக்கிட்டு ரெண்டு ஞாயிறு செலவழிங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தி, அதே இறக்கத்துல ஓட்டி, வித்தியாசத்தைக் குறிச்சு வைங்க. அதுக்கப்புறமும் புது பிரேம் தேவைப்பட்டா, என்ன அளவு வேணும்னு அந்தக் குறிப்பே சொல்லும்.